பால்மரக் காடும் கிருஷ்ணகுமாரியும்

கிருஷ்ணகுமாரியைப் பற்றி யாராவது எழுதுவது என்றால் நான்தான் எழுத வேண்டும். தோட்டத்து வரிசை வீடுகளில் அவள் காம்பிராவுக்கும் என் காம்பிராவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாது. அவள் வீட்டில் மிளகாய் வறுத்தால் என் வீட்டில் தும்மல். அவள் மகளுக்குச் சொன்ன கதையை நானும் என் பாயில் படுத்தபடியே நாலு வருஷமாகக் கேட்டிருக்கிறேன். ஆகையால் அவள் வாழ்க்கையில் எனக்குத் தெரியாதது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த மூன்று வாரத்தைத் தவிர. அந்த மூன்று வாரம் அவளுக்கே விளங்கவில்லை, எனக்கு எங்கே விளங்கப் போகிறது.

மாவனல்லையிலிருந்து ரம்புக்கனை போகிற பாதையில், பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏறினால் எங்கள் றப்பர் தோட்டம். கிருஷ்ணகுமாரி இங்கே பிறந்தவள் இல்லை. தெரணியகலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளைத் தினேஷ் கட்டிக்கொண்டு வந்தான். கட்டிக்கொண்டு வந்தவன் வீட்டில் இருக்கிறானா என்றால் அதுவும் இல்லை. கித்துல்கலையில் ஆற்றில் வெள்ளைக்காரர்களை றப்பர் படகில் ஏற்றித் தள்ளுகிற வேலை. பௌர்ணமிப் போயா லீவு வந்தால் வருவான், கறுத்துப்போய், மகளுக்கு ஒரு பிஸ்கட் பெட்டியோடு. ஒரு குடும்பத்தில் அம்மா றப்பர் மரத்தோடு, அப்பா றப்பர் படகோடு என்று நாங்கள் கேலி செய்வோம்.

மரத்தைக் கீறிப் பால் வெட்ட அவள் சீக்கிரம் பழகிக்கொண்டாள். ஆனால் ஒரு பழக்கம் மட்டும் அவளுடையதாகவே இருந்தது. எங்கள் தோட்டத்தில் புது மரங்களை முதன்முதலாக வெட்டத் திறக்கிற நாளில் சாமி கும்பிடுவோம். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, ஒரு மரத்துக்குச் சந்தனம் வைத்து, "பொறுத்துக்கம்மா, நாங்க புள்ளகுட்டிக்காரங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கத்தியை வைப்போம். திறக்கிற அந்த ஒரு நாள் சொல்வதோடு சரி. மறுநாளிலிருந்து மரம் மரம்தான், நாங்கள் நாங்கள்தான். இவள் அப்படி இல்லை. தினமும், ஒவ்வொரு மரத்திடமும், பட்டையில் இடது கையை வைத்து, "பொறுத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் வெட்டுவாள். அவள் வரிசைக்குப் பக்கத்து வரிசை என்னுடையது. காலையில் பனிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டே போகும்.

"ஏன்டி, அது என்ன உன் மாமியாரா, தினமும் மன்னிப்பு கேக்குற?" என்று கேட்டிருக்கிறேன்.

"மாமியார்கிட்ட யாருக்கா மன்னிப்பு கேக்குறா?" என்பாள்.

மகள் யதுர்ஷாவுக்கு ஆறு வயது. எல்லாருக்கும் யது. பொழுது சாய்ந்து அடுப்பு வேலை முடிந்ததும் இவளுக்குக் கதை வேண்டும். கிருஷ்ணகுமாரிக்குத் தெரிந்தது ஒரே கதை, சின்ன வயதில் பாடசாலையில் படித்த பால்மரக் காடு. யாரோ வெள்ளைக்காரர் அந்தக் காலத்தில் எழுதியதாம். வழி தவறிய ஒரு சிறுமி காட்டுக்குள் போவாள். பசி. மரங்கள் குனிந்து அவளுக்குப் பால் கொடுக்கும். மரராணி இலைப் படுக்கை போட்டுத் தூங்க வைத்து, விடிந்ததும் வழி காட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். அவ்வளவுதான் கதை. அதை நாலு வருஷம் சொன்னாள். அந்த மரங்கள் எல்லாம் நம் தோட்டத்து றப்பர் மரங்கள் மாதிரியே இருக்கும் என்று சொல்லி, தன் வரிசையிலுள்ள மரங்களின் பெயரையும் சேர்த்துவிட்டாள். ஆமாம், மரங்களுக்குப் பெயர் வைத்திருந்தாள். கூனி, தடிச்சி, ரெட்டச்சடை என்று.

போன சித்திரைக்குப் பிறகு இடி விழுந்து என் டிவி போய்விட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவள் வீட்டில்தான். அங்கேதான் அந்த விளம்பரத்தைப் பார்த்தோம். "பால்மரக் காடு! நீங்கள் சிறுவயதில் கேட்ட கதை, நீங்கள் பார்க்காத முகம்!" என்று ஒரு குரல் கரகரவென்று சொன்னது. யது எழுந்து நின்று கை தட்டினாள். கிருஷ்ணகுமாரிக்கு அதைவிடச் சந்தோஷம். தன் கதையை டிவிக்காரன் தேடிக்கொண்டு வந்துவிட்டான் என்று. திரையின் மூலையில் ஒரு வட்டத்துக்குள் பதினாறு என்று போட்டிருந்தது. நான் அதைச் சேனல் நம்பர் என்று நினைத்தேன். பதினாறு வயதுக்குக் கீழே பார்க்கக் கூடாது என்பதற்கு அது அடையாளமாம். சின்னப் பிள்ளைகளின் கதைக்குச் சின்னப் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள் என்று யார் கண்டது?

தொடர் தொடங்கிய மறு ஞாயிறு சாயங்காலம் பாய் விரித்து, சோளம் பொரித்து உட்கார்ந்தோம். யது அம்மா மடியில்.

ஆரம்பத்திலேயே எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் இருட்டாக இருந்தது. பகலைக்கூட இருட்டாக எடுத்திருந்தார்கள். சிறுமி காட்டுக்குள் போனாள், சரி. மரராணி வந்தாள், சரி. பிறகு ராணி மடியிலிருந்து ஒரு வளைந்த கத்தியை எடுத்தாள். எங்கள் வெட்டுக் கத்தி மாதிரியே இருந்தது. ஒரு மரத்தின் பட்டையில் சாய்வாக ஒரு கீறல் போட்டாள். வெள்ளையாகப் பால் வழிந்தது. அந்தக் கீறலுக்கு மேலே பட்டை மெல்லத் திறந்தது. உள்ளே ஒரு கண். ஒரு குழந்தையின் கண். வீட்டுக்குத் திரும்பாத பிள்ளைகள்தான் அந்தக் காட்டு மரங்கள் எல்லாம் என்று பின்னணியில் அந்தக் கரகரக் குரல் சொன்னது.

கிருஷ்ணகுமாரி யதுவை இறக்கிவிட்டு எழுந்து டிவியை நிறுத்தினாள். ரிமோட்டைத் தேடாமல், பிளக்கையே பிடுங்கினாள். 

"இது வேற கதை போல," என்றாள்.

"பேரு அதேதானேடி?" என்றேன் நான். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

யது அழவில்லை. அதுதான் எங்களை ஏமாற்றிவிட்டது. அழுதிருந்தால் தூக்கி வைத்து ஆற்றியிருப்போம். அவள் அம்மா மடிக்குத் திரும்பாமல், சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்து, அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பால்மாவு கரைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. தலை பின்ன அம்மா கூப்பிட்டால் வரவில்லை. நேரே என் வாசலுக்கு வந்து, "பெரியம்மா, நீங்க பின்னி விடுங்க" என்று நின்றாள். எனக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். பின்னலுக்கும் எனக்கும் வெகுதூரம். ஏதோ ஒரு முடிச்சாகப் போட்டு றப்பர் பட்டி சுற்றி அனுப்பினேன்.

"ஏன்டி, அம்மா இருக்கால்ல?"

"அம்மா கையில அந்த வாசம் வருது."

பால் வெட்டுகிற எல்லார் கையிலும் அந்தப் புளித்த வாசம் வரும். சவர்க்காரத்துக்குப் போகாது. என் கையிலும்தான் வந்தது. அதை அவளிடம் சொல்லாமல் விட்டேன், என்னிடமிருந்தும் ஓடிவிட்டால் பிள்ளைக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இரண்டு மூன்று நாளில் விஷயம் வெளிப்பட்டது. தாயிடம் சொல்லாததை என்னிடம் சொன்னாள், அதுவும் காதுக்குள். "பெரியம்மா, எங்கம்மாதான் ராணி." அவ்வளவுதான்.  கத்தி இருக்கிறது, மரம் இருக்கிறது, பால் வருகிறது, தினமும் விடிவதற்குள் காட்டுக்குள் போகிறாள். பிள்ளை போட்ட கணக்கில் எங்கே பிழை கண்டுபிடிப்பது?

கிருஷ்ணகுமாரியிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பட்டென்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு, "நான் அவளத் தொட்டா அவ உடம்பு இறுகுதுக்கா. மரக்கட்டையாட்டம் ஆகிருறா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

போனில் தினேஷ், "டிவிய வித்துரு" என்றான். ஆற்றில் விழுந்தவனை இழுக்கத் தெரிந்தவனுக்கு இதற்கு ஒரு வழி தெரியவில்லை. கோயிலில் கயிறு கட்டினார்கள். யது அந்தக் கயிற்றை மறுநாளே அவிழ்த்துவிட்டாள். பிறகு கிருஷ்ணகுமாரி பாடசாலைக்குப் போய் நஸ்லின் டீச்சரைப் பார்த்தாள். துணைக்கு நானும் போனேன். நஸ்லின் டீச்சர் மாவனல்லையிலிருந்து வந்து போகிறவர், நல்ல மனுஷி. அவரும் சின்ன வயதில் அந்தக் கதையைப் படித்தவர்தான்.

"டீச்சர், எது உண்மைக் கதை? நான் சொன்னதா, டிவிக்காரன் காட்டுனதா?"

"ரெண்டும் கதைதானே. நீங்க சொன்னதுதான் முதல்ல வந்தது. இது பெரியாக்களுக்காக மாத்தி எடுத்திருக்காங்க."

"பெரியவங்களுக்கு எதுக்கு டீச்சர் சின்னப் புள்ளைங்க கதை? அவங்களுக்கு வேற கதையே இல்லையா?"

டீச்சர் யோசித்தார். "உண்மையாச் சொன்னா எனக்கும் விளங்கல்ல," என்றார். "இப்ப எல்லாத்தையும் இப்படித்தான் எடுக்கிறாங்க. நல்லவங்கள எல்லாம் கெட்டவங்களாக்கி, காட்டை எல்லாம் இருட்டாக்கி. நானும் ஒண்டு ரெண்டு பார்த்தன். பார்த்து முடிச்ச பிறகு பழைய கதை ஞாபகம் வரமாட்டேங்குது." பிறகு யதுவைக் கூப்பிட்டு, அது வெறும் நடிப்பு, அந்தக் கண் பிளாஸ்டிக் என்றெல்லாம் அழகாக எடுத்துச் சொன்னார். யது எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அன்றைக்கும் தலை பின்ன என்னிடம்தான் வந்தாள்.

அடுத்த ஞாயிறு கிருஷ்ணகுமாரி ஒரு காரியம் செய்தாள். யதுவை என் வீட்டில் விட்டுவிட்டு, கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து, அந்தத் தொடரின் இரண்டாம் பாகத்தைத் தனியாகப் பார்த்தாள். கடைசியில் எல்லாம் சரியாகிவிடும், அதைப் பிள்ளையிடம் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை. முடிந்ததும் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னாச்சுடி? சரியாச்சா?"

"இல்லக்கா. இன்னும் மோசம்." கொஞ்சம் பொறுத்து, "அந்த ராணிக்கும் ஒரு புள்ள இருக்குதாம். அதுக்குப் பால் குடுக்கத்தான் வெட்டுறாளாம். அந்தப் புள்ள செத்துப்போன பொறகும் நிறுத்தத் தெரியாம வெட்டிக்கிட்டே இருக்காளாம். எனக்கு அவ மேல பாவமா இருக்குக்கா. பாவப்படலாமா? நான் யாரு பக்கம் நிக்கிறதுன்னே தெரியல."

"நீ ஒரு பக்கமும் நிக்க வேணாம், டிவிய மூடிட்டுப் படு," என்றேன். கோபம் எனக்கு அவள் மேல் இல்லை. யாரோ எங்கேயோ குளிர் அறையில் உட்கார்ந்து, ஒரு நல்ல கதையைப் பிடித்து இப்படி உரித்து வைக்கிறான், அதைக் கழுவி எடுக்கிற வேலை இங்கே எங்கள் தலையில் விழுகிறதே என்ற கோபம்.

அதற்குப் பிறகு அவள் வெட்டு மாறியது. பக்கத்து வரிசையில் நின்று பார்த்தேன். கையை மரத்தில் வைப்பாள், வாய் அசையும், சத்தம் வராது. கத்தியை வைப்பாள், எடுப்பாள். பட்டையை மேலாகச் சுரண்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவாள். பால் வடிய மரத்தில் கட்டிய சிரட்டை பாதிகூட நிறையவில்லை. எங்கள் கங்காணி சிங்களவர், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுகிறவர். வாளியை எட்டிப் பார்த்து, "நங்கி, மரத்துக்குப் பால் இல்லையா, ஒனக்குக் கை இல்லையா?" என்று சிங்கள வழக்கில் தங்கச்சி முறை வைத்துக் கேட்டார். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். மரத்துக்குள் யாரோ இருந்தால் என்ன செய்வது என்று யோசிக்கிறேன் என்று கங்காணியிடம் எப்படிச் சொல்வாள்?

மூன்றாம் வாரச் சனிக்கிழமை, பாடசாலை இல்லை. அம்மாமார் வேலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பிராவில் சின்னக் குழந்தைகளோடு யதுவையும் விட்டுவிட்டு நாங்கள் வெட்டப் போனோம். வெட்டி முடித்து, கொஞ்சம் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, பால் சேர்க்க வாளியோடு திரும்பினோம். கிருஷ்ணகுமாரி எனக்கு முன்னால் நடந்தாள். திடீரென்று நின்றாள்.

அவள் வரிசையில் கீழ்ப்பக்கத்து மரங்கள் எல்லாம் துணி கட்டியிருந்தன. வெள்ளையும் மஞ்சளும் பூப்போட்டதுமாக. கிட்டப் போனபிறகுதான் தெரிந்தது, பிள்ளைக்காம்பிராக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த குழந்தைகளின் கோவணத் துணிகள். ஒவ்வொரு மரத்திலும் வெட்டுக் காயத்தின் மேல் சுற்றி, முன்னால் முடிச்சுப் போட்டிருந்தது. சிரட்டைகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. பால் வேரில் ஊற்றப்பட்டிருந்தது. தடிச்சிக்குத் துணி எட்டாமல் இரண்டு துணிகளை இணைத்துக் கட்டியிருந்தது. ரெட்டச்சடைக்கு அடியில் யது, கையில் கடைசித் துணியோடு.

பின்னால் வந்த கங்காணி, "மொகத மே? என்னா இது?" என்றார். "மரத்துக்கு எல்லாம் பேபியா?" யாரும் சிரிக்கவில்லை.

கிருஷ்ணகுமாரி ஒரு அடி எடுத்து வைத்தாள். அவள் இடுப்பில் வெட்டுக் கத்தி செருகியிருந்தது.

"கிட்ட வராத!" யது கத்தினாள். மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். "அவங்களுக்கு வலிக்குது!"

"யாருக்குடி தங்கம்?"

"உள்ள இருக்கிறவங்களுக்கு."

"உள்ள யாரும் இல்லடி. அது மரம். வெறும் மரம்."

"அப்ப நீ யாருகிட்ட பொறுத்துக்கம்மான்னு சொல்ற?"

  கங்காணி வானத்தைப் பார்த்தார். அது ஒரு வழக்கம், பெரியவர்கள் சொல்வார்கள், சாமிக்குச் சொல்வது என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். கிருஷ்ணகுமாரி அதெல்லாம் சொல்லவில்லை. இடுப்புக் கத்தியை எடுத்துத் தூரமாக வைத்தாள். வாளியை வைத்தாள். ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியலடி," என்றாள்.

யது மரத்தை விடவில்லை.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா, இல்லையா, வலிக்குதா, வலிக்கலையா, அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியல. மொத நாள்லருந்து தெரியல. வெட்டலைன்னா நமக்குச் சோறு இல்ல. ஒருவேள யாராச்சும் இருந்துட்டாங்கன்னா? அதுக்குத்தான் ஒவ்வொருத்தங்ககிட்டயும் கேக்குறேன்."

"கேட்டா வலிக்காதா?"

"அதுவும் தெரியலடி." இப்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். மறைக்கவும் இல்லை.

யது நெடுநேரம் அம்மாவைப் பார்த்தாள். மேலே காய் ஒன்று வெடித்து விதை உதிர்ந்தது. பிறகு, ஏதோ கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறவள் போல, மெதுவாகச் சொன்னாள்.

"டிவியில அந்த ராணி கேக்கவே இல்ல."

"ஆங்?"

"யாருகிட்டயும் கேக்கல. சும்மா வெட்டுனா."

அவ்வளவுதான் பேச்சு. யது கையிலிருந்த துணியை மடித்து என்னிடம் கொடுத்தாள். வீட்டுக்குப் போகும்போதுகூட அம்மா கையைப் பிடிக்கவில்லை, கொஞ்சம் தள்ளித்தான் நடந்தாள். பால் இல்லாததற்கு, அன்றைக்கு அந்த வரிசையில் மழை என்று ஆபீசில் சொல்லிக்கொள்வதாகக் கங்காணி சொன்னார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. துணிகளை அவிழ்க்க எனக்கு வெகுநேரம் ஆனது. பிள்ளைக்காம்பிரா ஆயாவிடம் ஏச்சு வாங்கியதும் நான்தான்.

சாயங்காலம் நான் வாசலில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். யது சீப்போடு வந்தாள். வழக்கம்போல என்னிடம்தான் என்று நினைத்து முறத்தை ஒதுக்கினேன். அவள் என்னைத் தாண்டிப் போய், அடுத்த வாசலில் அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சீப்பைத் தோளுக்கு மேலாக நீட்டினாள்.

மூன்று வாரம் நான் போட்ட முடிச்சுகள். தலை முழுக்கச் சிக்கு. கிருஷ்ணகுமாரி சீப்பை வாங்கி, வைத்து, எடுத்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பார்த்தாள். பிறகு இடது கையை மகளின் உச்சந்தலையில் வைத்தாள். அவள் அறியாமலே வாயில் வந்துவிட்டது.

"பொறுத்துக்கம்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. சீப்பு அப்படியே நின்றது. 

யது திரும்பவில்லை. 

"ம்," என்றாள்.

மரங்கள் ஒருநாளும் சொல்லாத பதில் அது. கிருஷ்ணகுமாரி மகளின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "அம்மா, சிக்கு எடு, இழுக்குது," என்று யது அதட்டினாள். நான் அரிசியைப் பார்த்தேன், எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.